எஃப்.எம்-மும் சிம்மும் சேர்ந்து சொல்லும் நெரிசல்: நான்கு வருட அனுபவம்

இந்தக் காரை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வேலைக்காக வாரத்தில் நான்கு நாளாவது நெடுஞ்சாலையில் இருப்பேன். காரோடு வந்த நேவிகேஷனில் எனக்கு மிகவும் பிடித்தது, நெரிசல் தகவல் இரண்டு வழியாக வருவதுதான். ஒன்று எஃப்.எம். ஒலிபரப்போடு ஒட்டி வருகிறது. இன்னொன்று காருக்குள் இருக்கும் சிம் வழியாக.

எஃப்.எம். வழி பழையது. டி.எம்.சி. (ட்ராஃபிக் மெசேஜ் சேனல்) என்பார்கள், ஜெர்மனியில் 1997-லேயே வந்துவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் நொடிக்கு 1187.5 பிட் தரவு போகும். நிலையத்தின் பெயர் போன்றவற்றுக்கும் அதே பாதைதான். இவ்வளவு குறுகலான சந்தில் வாக்கியமெல்லாம் அனுப்ப முடியாது. என்ன நடந்தது என்பதற்கு 11 பிட் எண், எந்த இடம் என்பதற்கு 16 பிட் எண், அவ்வளவுதான். அந்த எண் எந்தச் சந்திப்பு என்ற அட்டவணை காரில் உள்ள வரைபடத்தில் இருக்கும்.

இதில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இரண்டாம் வருடம் ஒரு புறவழிச்சாலை திறந்தார்கள். நான் வரைபடத்தைப் புதுப்பிக்கவில்லை. அங்கே விபத்து என்று செய்தி வந்தும், அந்த எண் அட்டவணையில் இல்லாததால் கார் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். சர்வீஸ் சென்டரில் கேட்டால் யாருக்கும் காரணம் தெரியவில்லை. வரைபடத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது.

சிம் வழி இன்னும் நுணுக்கமானது. எஃப்.எம். தகவலில் ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை மொத்தமாகச் சிவப்பாகும். சிம் தகவலில் நெரிசலின் வால் எந்த வளைவில் இருக்கிறது என்பது வரை தெரிகிறது. மற்ற கார்கள் தங்கள் வேகத்தைத் திருப்பி அனுப்புவதால் கிடைக்கும் நுணுக்கம் அது. எஃப்.எம். வாங்கும் கார் எதையும் திருப்பிச் சொல்வதில்லை.

சரி, அப்படியானால் பழையது எதற்கு? போன மழைக்காலத்தில் ஒரு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். டவர் கிடைக்கவில்லை. திரையில் சாலையின் நிறம் முழுதும் சாம்பலாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது: ‘சுரங்கப்பாதை மூடல், 12 கி.மீ.’ பக்கத்தில் சின்னதாக ஆன்டெனா படம். அடுத்த வெளிவழியில் இறங்கிவிட்டேன்.

டவர் இருக்கும் இடத்திலும் இதற்கு வேலை உண்டு. பெரிய நெரிசலில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரில் முட்டிக்கொள்ளும். சரியாகத் தகவல் வேண்டிய நேரத்தில்தான் இணையம் திணறும். ஒலிபரப்புக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ஒரு கார் கேட்டாலும் ஒரு லட்சம் கார் கேட்டாலும் அதே அலைதான்.

இரண்டையும் இணைப்பதில்தான் கார் தடுமாறியது. முதல் வருடம் ஒரே விபத்துக்கு இரண்டு முக்கோணம், சில நூறு மீட்டர் தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு அது ஒன்றாகிவிட்டது. ஆனால் சாலை சரியான பிறகும் எஃப்.எம். முக்கோணம் கொஞ்ச நேரம் போகாமல் நிற்பது இன்றும் உண்டு. சிக்னல் நன்றாக இருந்தால் நான் சிம் சொல்வதையே நம்புகிறேன்.

மூன்றாம் வருடக் கடைசியில் சிம் சந்தா முடிந்தது. புதுப்பிக்க மறந்த அந்த ஒரு மாதம் எஃப்.எம். மட்டும்தான் கைகொடுத்தது. 3ஜி மூடப்பட்ட நாடுகளில் பழைய கார்களின் இணையச் சேவைகள் நின்றுபோனதை நினைத்தால், இணையத்தை மட்டும் நம்பும் புதுக் கார்கள் எனக்குக் கவலை தருகின்றன. டிஜிட்டல் வானொலியிலும் இணையத்திலும் ஒரே செய்தி போகட்டும் என்றுதான் டிபெக் (TPEG) என்ற நெரிசல் தகவல் முறையையே வகுத்தார்கள். இப்போது அடுத்த கார் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டெஸ்ட் டிரைவுக்குப் போனால் முதலில் செட்டிங்ஸில் ட்ராஃபிக் பக்கத்தைத் திறந்து, வானொலி என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்ப்பேன்.