மூன்று டொமைன், ஒரே டைரக்டரி: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கோவையில் ஒரு குழுமத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். நூற்பாலை, பம்ப் தொழிற்சாலை, பள்ளிக்கூடம் என்று மூன்று. நிர்வாகம் ஒன்றுதான், மெயில் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மட்டும் தனித்தனி. முன்பு மெயில் சர்வரும் தனித்தனியாகவே இருந்தது. மூன்று இடத்தையும் பார்த்துக்கொள்ளும் எச்.ஆர். மேடம் மூன்று பாஸ்வேர்டையும் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருப்பார். ஆறு வருடத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரே ஆக்டிவ் டைரக்டரிக்கும் (ஊழியர் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) எங்கள் சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கும் (மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருள்) கொண்டுவந்தோம்.

ஆளுக்கு ஒரே கணக்கு; முகவரி எத்தனை வேண்டுமானாலும் அந்தக் கணக்கில் தொங்கலாம். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முகவரிகள் 'ப்ராக்ஸிஅட்ரஸஸ்' என்ற ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். முன்னால் 'எஸ்எம்டிபி' என்று பெரிய எழுத்தில் இருப்பது முதன்மை முகவரி, சின்ன எழுத்தில் இருப்பவை துணை முகவரிகள். அனுப்பும் மெயில் முதன்மை முகவரியில்தான் போகும்.

முதல் மாதமே அடி வாங்கினேன். யாருக்கு எந்த முகவரி என்று தானாக முடிவு செய்யும் முகவரி பாலிசியில் மூன்று டொமைனையும் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். முதலில் உருவாக்கியது மில்லின் 'அக்கவுண்ட்ஸ்' பெட்டி. பம்ப் கம்பெனியின் 'அக்கவுண்ட்ஸ்' முகவரியும் அதற்கே போய்விட்டது. பம்ப் டீலர்கள் அனுப்பிய பில்லெல்லாம் மில் கணக்கர் பெட்டியில் குவிய, பணம் தாமதமாகிறது என்று டீலர்கள் போன் மேல் போன். அன்றைக்கே பாலிசியை மூன்றாகப் பிரித்தேன். டைரக்டரியில் 'கம்பெனி' என்ற கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்து டொமைன் முடிவாகும். இப்போது மில்லிலிருந்து ஒருவர் பள்ளிக்கு மாறினால் அந்த ஒரு கட்டத்தை மாற்றி பாலிசியை ஓட்டினால் போதும். புது முகவரி முதன்மையாகும், பழையதும் துணையாக உயிரோடு இருக்கும். எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

'அக்கவுண்ட்ஸ்', 'இன்ஃபோ' போன்ற பொது முகவரிகளை யாருடைய சொந்தக் கணக்கிலும் தொங்கவிடாதீர்கள். பலரும் சேர்ந்து பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸாக வைத்து, அந்த முகவரியிலிருந்தே அனுப்ப 'சென்ட் ஆஸ்' அனுமதி கொடுங்கள். அப்போதுதான் பதிலும் அந்தக் கம்பெனி பெயரிலேயே போகும்.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்திலும் கவனம் தேவை. கணக்கை முடக்கினால் அவர் உள்ளே வர முடியாது, ஆனால் மெயில் வந்துகொண்டே இருக்கும். மார்க்கெட்டிங்கில் இருந்த ஒருவர் விலகிய பிறகு இரண்டு வாரம் ஆர்டர்கள் யாரும் பார்க்காமல் கிடந்தன. இப்போது முடக்கும் நாளிலேயே மெயிலை அடுத்தவருக்குத் திருப்பிவிடுகிறேன்.

லாகின் பெயர் மெயில் முகவரி போல இல்லாமல் '.லோக்கல்' என்று முடிந்தது இன்னொரு குழப்பம். மூன்று டொமைனையும் யுபிஎன் (லாகின் பெயர்) பின்னொட்டாகச் சேர்த்து, மெயில் முகவரியையே லாகினாக்கினேன். பாஸ்வேர்டு தகராறு என்று வரும் போன் பெருமளவு குறைந்தது.

டைரக்டரி கை கொடுக்காத இடம் டிஎன்எஸ், அதாவது டொமைன் பற்றிய விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பதிவுகள். மெயில் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்ட உதவும் எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற விதி) மூன்றையும் ஒவ்வொரு டொமைனுக்கும் தனியாகத்தான் போட வேண்டும். எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்க்க பத்து லுக்அப்புக்கு (டிஎன்எஸ் தேடல்) மேல் போனால் அது செல்லாது. பள்ளி டொமைனுக்கு, மெயில் வெளியே போகும் கேட்வேயில் டிகேஐஎம் போட மறந்திருந்தேன். ஜூன் மாதம் பெற்றோருக்கு அனுப்பிய ஃபீஸ் மெயில் பலருக்கு ஸ்பாமில் விழுந்தது. போன வருடம் நான்காவது டொமைன் வந்தபோது டிஎன்எஸ் வேலையை முழுக்க முடித்த பிறகுதான் எக்ஸ்சேஞ்ச் பக்கமே போனேன்.