ஒயின் பாட்டிலுக்கு வாட்டர்கலர் லேபிள்: பெசன்ட் நகரில் வரைந்து வாங்கியது

பரிசாக ஒயின் கொடுப்பதென்று முடிவாகிவிட்டால், பளபளக்கும் பையில் போட்டு நீட்டாமல் கையால் லேபிள் வரைந்து வாங்கிக் கொடுங்கள். தோழியின் 25ஆவது கல்யாண நாளுக்காக, பெசன்ட் நகரில் வீட்டிலேயே வரைந்து தரும் ஓவியர் ஒருவரிடம் வாங்கினேன். லேபிளுக்கு மட்டும் 1,500 ரூபாய். பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் கடையில் மது விற்பது டாஸ்மாக் மட்டும்தான் என்பதால் அவர் ஒயினைத் தொடுவதே இல்லை. டாஸ்மாக்கின் எலைட் கடையில் நாசிக் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

தோழி மயிலாப்பூர்க்காரி, அதனால் கபாலி கோயில் கோபுரம் வரையலாமா என்று கேட்டேன். "சரக்கு பாட்டில் மேல கோபுரம் வேண்டாம்க்கா, அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து போன இடம் ஏதாவது சொல்லுங்க" என்றார். உடனே எலியட்ஸ் பீச்சில் இருக்கும் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் ஞாபகத்துக்கு வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டதை வரைந்தோமா காசு வாங்கினோமா என்றில்லாமல் இப்படி எடுத்துச் சொல்பவர் கிடைப்பது பெரிய விஷயம்.

படம் அவ்வளவு அழகு. அந்த வெள்ளை மண்டபத்துக்கு வெள்ளை பெயின்ட்டே கிடையாது. சுற்றிலும் வானம், கடல், மணல் எல்லாம் தீட்டிவிட்டு நடுவில் காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறார், வளைவுக்கு உள்ளே மட்டும் லேசாக நீலம் கலந்த ஒரு நிழல். கீழே இருவர் பெயரும் தமிழில், தண்ணீரில் கரையாத கறுப்பு மையில். எழுத்து கொஞ்சம் சின்னது, சாப்பாட்டு மேஜை வெளிச்சத்தில் படிக்கச் சிரமப்பட்டார்கள். எனக்குப் பட்ட குறை அது ஒன்றுதான்.

அப்புறம் முக்கியமான விஷயம், ஈரம். வாட்டர்கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். சிவப்பு ஒயினை 16, 18 டிகிரியில் குடிக்க வேண்டும் என்பார்கள், சென்னையில் அதற்கு ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தே ஆக வேண்டும், வெளியே எடுத்ததும் பாட்டில் வியர்த்துக் கொட்டும். முன்பு வேறோர் இடத்தில் வாங்கிய லேபிள் இப்படித்தான் சாயம் ஓடி மேஜை விரிப்பு முழுக்க நீலமாகிவிட்டது, கொடுத்தவளுக்கும் வாங்கியவருக்கும் சங்கடம். இவர் காகிதத்தின் இரண்டு பக்கமும் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்து நன்றாகக் காயவைத்துத்தான் தருகிறார். பாட்டில் வியர்த்தும் ஒரு சொட்டு நிறம் ஓடவில்லை. ஆனால் ஐஸ் பக்கெட்டில் முக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஒட்டியிருக்கும் விதமும் நன்றாக யோசித்துச் செய்தது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) காகிதம் பாட்டிலின் வளைவுக்கு மடங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும் என்று 200 ஜிஎஸ்எம்மில் நீளப் பட்டையாக வரைந்து, பாட்டிலைச் சுற்றி ஓரத்தோடு ஓரம் டேப் போட்டிருக்கிறார். கண்ணாடியில் பசையே படவில்லை. கம்பெனி லேபிளும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஒயின் தீர்ந்ததும் பட்டையைக் கழற்றி ஃப்ரேம் போடலாம். தோழி வீட்டில் போட்டாயிற்று.

ஒரு துண்டுக் காகிதத்துக்கு 1,500 அதிகமில்லையா என்று என் கணவர் கேட்டார். பிரான்சில் ஷாட்டோ மூட்டோன் ராத்ஷீல்ட் என்ற ஒயினுக்கு 1945இலிருந்து ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியரின் படம்தான் லேபிள், 1973க்குப் பிக்காசோ, 2009க்கு மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். அதெல்லாம் அச்சடித்தது, ஆயிரக்கணக்கான பாட்டிலில் அதே படம். இது அவர்கள் இருவருக்காக மட்டும் வரைந்தது, இன்னொன்று கிடையாது. எனக்கு அந்த விலை நியாயமாகத்தான் பட்டது.

இப்படி வரைபவர் யாரிடம் போனாலும் பாட்டிலையே கையோடு கொண்டுபோங்கள், சுற்றளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வார்னிஷ் உண்டா என்று கேளுங்கள். பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். டிசம்பரில் வேண்டுமானால் நவம்பரிலேயே சொல்லிவைப்பது நல்லது.