மலைநாட்டு இருட்டில் வீடியோ: பட்டைகளோடு நாலு வருடம்

காமன் கூத்தில், சிவன் எரித்த காமனுக்காக ரதி அழுகிற இடம் வரும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். 2022 மாசியில், இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதை எடுத்தேன். கோயிலிலிருந்து வயர் இழுத்து மாட்டிய இரண்டு டியூப் லைட், ஒரு பெற்றோமாக்ஸ், ஓரத்தில் தப்புப் பறை காய்ச்ச மூட்டிய நெருப்பு. வெளிச்சம் அவ்வளவுதான். ரதி வேஷம் கட்டியவருக்கு அறுபது வயதுக்கு மேல். முகத்தில் அரிதாரம் கரைந்து கண்ணீரோடு வழிந்தது. கெமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், அந்த முகத்தின் மேல் கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே இருந்தன. பின்னால் நின்ற சனத்தின் மேல் மெல்லிய கோடுகள். மலையும் மூட்டமும் இருந்த இடத்தில் படிக்கட்டு மாதிரித் திட்டுத் திட்டாக நிறம்.

அந்த ஒரு இரவின் வீடியோதான் இந்த நாலு வருடமும் என்னைப் படிக்க வைத்தது. மூன்றையும் நாங்கள் பொதுவாகப் ‘பட்டை விழுது’ என்றுதான் சொல்வோம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தே முதல் வருடம் போனது.

என் கெமரா 2021 கடைசியில் கொழும்பில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இந்தத் தொந்தரவு பல கம்பனிக் கெமராக்களிலும் வருவதுதான் என்பதால் மாடல் இங்கே முக்கியமில்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கம் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா எடுக்கிறேன். பாதிக்கு மேல் இரவு வேலை.

முதலில் நகர்கிற பட்டை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் லைட்டும் மலிவான எல்இடி மின்குமிழும் ஒரு செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. கெமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சாரோ படத்தை ஒரே அடியில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழே வரி வரியாக வாசிக்கிறது. என் கெமரா வாங்கும்போது செக்கனுக்கு 30 பிரேமிலும் (படத்திலும்) 1/60 ஷட்டரிலும், அதாவது ஒவ்வொரு பிரேமும் 1/60 செக்கன் வெளிச்சம் வாங்கும்படி, இருந்தது. 1/60 செக்கனில் வெளிச்சம் ஒன்றே முக்கால் தடவைக்குக் கொஞ்சம் குறைவாகத் துடிக்கும். ஆகவே சில வரிகளுக்கு இரண்டு உச்சம் கிடைக்கும், சில வரிகளுக்கு ஒன்றுதான் கிடைக்கும். அந்த வித்தியாசம்தான் பட்டை. 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று மாற்றினால் ஒவ்வொரு வரிக்கும் முழுசாக இரண்டு துடிப்பு கிடைத்துவிடும். 1/100 வைத்தாலும் சரி, முழுசாக ஒன்று. ஆனால் இருட்டில் பாதி வெளிச்சத்தை யார் விடுவார்கள்? 1/50தான் என் நிரந்தர எண். கெமரா மெனுவில் என்டிஎஸ்சி (NTSC, 60 ஹேர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) என்று இருந்தால் பால் (PAL, 50 ஹேர்ட்ஸ் நாடுகளுடையது) என்று மாற்றினால்தான் சில கெமராக்களில் 25 பிரேமே வரும். வெளிநாட்டிலிருந்து வந்த கெமரா வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அடுத்த மாதம் மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. கல்யாண மண்டபம் ஒன்று முழுக்க ஜெனரேட்டரில் ஓடியது. 25 பிரேம், 1/50, எல்லாம் சரி. இருந்தும் மெல்லிய பட்டை, மிக மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. மேளகாரர்கள் அம்ப்ளிபயரைப் போட்டதும் இன்னும் வேகமாக நகர்ந்தது. ஜெனரேட்டரின் சுமை கூடக் கூட இயந்திரத்தின் வேகம் இறங்கும், அதோடு ஹேர்ட்ஸும் 50ஐ விட்டு நகரும். சில கெமராக்களில் ஷட்டரை 1/50.2, 1/49.6 என்று நுணுக்கமாகத் திருப்ப வசதி உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டே பட்டை நிற்கிற எண்ணைப் பிடிக்கலாம். எனக்கு அந்த வசதி மெனுவின் அடியில் இருப்பது அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மணப்பெண் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெற்றோமாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மென்டில் (எரிகிற வலை) தொடர்ந்து ஒரே சீராக எரிகிறது, மின்சாரத் துடிப்பு கிடையாது. எந்த ஷட்டரிலும் பட்டை விழாது. நிறமும் முகத்துக்கு இதமாக இருக்கும். இப்போதெல்லாம் தோட்டங்களில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, கிடைத்தால் நான் கேட்டு வாங்கி முன்னால் வைக்கச் சொல்வேன்.

இரண்டாவது, இருண்ட இடங்களில் நிற்கிற கோடுகள். என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். இவை நகராது. படம் முழுக்கக் கிடையாக, நூல் இழுத்த மாதிரி நிற்கும். லைட்டை மாற்றினாலும் ஷட்டரை மாற்றினாலும் போகாது. நொய்ஸ் (இருட்டில் மினுக்குகிற புள்ளிகள்) குறைக்கிற மென்பொருளைப் போட்டேன், கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது! காரணம் பிறகு புரிந்தது. அந்த மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் பிரேம்களை ஒப்பிட்டு, மாறிக்கொண்டே இருக்கிற புள்ளிகளைத் துடைக்கிறது. கோடு எல்லாப் பிரேமிலும் ஒரே இடத்தில் நிற்பதால் அதைப் படத்தின் ஒரு பகுதி என்று விட்டுவிடுகிறது. மணலை ஊதிவிட்டால் அடியில் இருக்கிற கீறல் தெரிவது போல.

ஒரு மழை இரவில் வீட்டில் உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும், காசு செலவில்லை. லென்ஸ் மூடியைப் போட்டு, வியூபைண்டரைத் துணியால் மூடி, ஐஎஸ்ஓ (கெமரா வெளிச்சத்தைப் பெருக்குகிற அளவு) 400, 800, 1600, 2500, 3200, 6400 என்று ஒவ்வொன்றிலும் பத்து செக்கன் பதிவு செய்தேன். பிறகு லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெளிச்சமாக்கினேன். வெறும் கருப்புக்குள்ளிருந்து லயத்துக் கூரைத் தகரம் மாதிரி வரிவரியாக எழும்பி வந்தது. 1600இல் மோசம். 2500இல் ஆச்சரியமாகச் சுத்தம்! 6400இல் மறுபடியும்.

சென்சாரின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கிற சுற்று மிகச் சின்ன வித்தியாசத்தோடு வாசிக்கிறது. வெளிச்சமான இடத்தில் அது மூழ்கிவிடும், இருட்டை நாம் எடிட்டிங்கில் இழுத்துத் தூக்கும்போதுதான் மேலே வரும். சில கெமராக்களுக்கு இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ உண்டு. இரண்டாவது அடிப்படைக்கு மாறியதும் இந்த வாசிப்பு இரைச்சல் குறைந்துவிடும். பிளக்மேஜிக் பாக்கெட் சினிமா கெமரா 4கேயில் அவை 400, 3200. அந்தக் கெமரா 1250இலேயே இரண்டாவது அடிப்படைக்கு மாறிவிடுவதால், 1000ஐ விட 1250இல் நிழல் சுத்தமாக இருக்கும். சோனி ஏ7எஸ் 3இல், எஸ்-லாக்3 (பிறகு எடிட்டிங்கில் விரிப்பதற்காக வெளிச்சத்தை நெருக்கிப் பதிகிற ‘லாக்’ முறைகளில் ஒன்று) எடுக்கும்போது 640, 12800. ‘ஐஎஸ்ஓவைக் குறைத்தால் படம் சுத்தம்’ என்ற பழைய பாடத்தை நான் அன்றோடு விட்டேன். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துப் பிறகு தூக்குவதுதான் கோட்டை வரவழைக்கிற வேலை. எடுக்கும்போதே முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு, எடிட்டிங்கில் வேண்டுமானால் இறக்க வேண்டும்.

இதற்கு நான் செலவழித்ததில் மிக உருப்படியானது எப்1.4 லென்ஸ் ஒன்று (எப் எண் சின்னதானால் லென்ஸின் வாய் பெரிது). பழைய எப்2.8 லென்ஸை விட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. 6400இல் எடுத்ததை 1600இல் எடுக்கலாம். என் கெமராவில் 1600 அசிங்கம் என்பதால் 2500இல் வைத்து, மிச்ச வெளிச்சத்தில் லென்ஸைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறேன். போகஸ் பிடிப்பதும் சுலபமாகிறது. புதுக் கெமராவுக்குக் கடன் வாங்க இருக்கிற தம்பிமார் முதலில் ஒரு நல்ல லென்ஸைப் பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

மூன்றாவது, மூட்டம். மலைநாட்டில் இருந்துகொண்டு இதிலிருந்து தப்ப முடியாது. அந்தி நேரத்தில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறும்போது ஒரே லைட் கம்பத்தைச் சுற்றி வெளிச்சம் மெல்ல மெல்லக் கரைகிற அழகு இருக்கிறதே, அதைத்தான் 8 பிட் வீடியோ வளையம் வளையமாக வெட்டிப் போடுகிறது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. அந்த மூட்டம் 8 பிட்டில் 30 படிகளுக்குள் அடங்கினால், 1920 பிக்சல் அகலத்தில் ஒரு படிக்கு 64 பிக்சல் அகலம், கண்ணில் அடிக்கும். அதே மூட்டம் 10 பிட்டில் 120 படி, ஒன்றுக்கு 16 பிக்சல். லாக் எடுத்தால் நிலைமை இன்னும் இறுகும், ஏனென்றால் எல்லா வெளிச்சத்தையும் நடுவில் நெருக்கி வைத்துப் பிறகு எடிட்டிங்கில் விரிக்கிறோம். என் கெமரா 10 பிட் எடுக்கும். லேப்டாப் இழுக்காது, கார்ட்டும் சீக்கிரம் நிறையும் என்று ஒன்றரை வருடம் 8 பிட்டிலேயே லாக் எடுத்தேன். சிவனொளிபாதமலையில் ஒரு விடியல் முழுக்க அப்படிப் போய்விட்டது. 8 பிட் மட்டும் உள்ளவர்கள் லாக்கை விட்டுவிட்டுச் சாதாரண நிறத்தில் எடுங்கள், கடைசியில் மிக மெல்லிய கிரெய்ன் (மணல் தூவின மாதிரிப் புள்ளிகள்) ஒன்றைச் சேருங்கள். படிகளின் ஓரம் கலைந்துவிடும்.

அப்புறம் பதிவேற்றுவது. எங்கள் வீடியோவைப் பார்க்கிறவர்கள் கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைகள், கட்டாரில், சவூதியில் வேலை செய்கிறவர்கள். போனில்தான் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மூட்டம் மறுபடி திட்டாகிவிடும். யூடியூப்பில் போடும்போது 1080ஐ 4கே ஆக்கிப் போடுகிறேன், அவர்கள் அதற்குக் கூடுதல் டேட்டா ஒதுக்குவதால் வித்தியாசம் தெரிகிறது.

இந்த வருடம் மாசியில் அதே தோட்டத்துக்குப் போனேன். ரதி வேஷம் இப்போது, அன்று அதைக் கட்டிய பெரியவருடைய மகன். பெரியவர் கூத்து வாத்தியாராக ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். களத்தைச் சுற்றிப் புதிதாகச் சீரியல் லைட் கட்டியிருந்தார்கள். அதன் துடிப்பு மின்சாரத்தோடு சேருவதில்லை. எந்த ஷட்டரிலும் ஏதோ ஒரு நிறத்தின் பட்டை நின்றது. இதற்கு என்னிடம் இன்னும் வைத்தியம் கிடையாது. வாத்தியாரிடம் போய், “ஐயா, ரதி அழுகிற நேரம் மட்டும் அந்தச் சீரியலை நிறுத்தச் சொல்ல முடியுமா? முகத்தில கோடு விழுது” என்றேன்.

“அந்தக் காலத்தில வெறும் பந்தம் வச்சுத்தான் தம்பி ஆடினோம்” என்றவர், எழுந்து போய்த் தானே சுவிட்சை அணைத்தார். பிறகு பெற்றோமாக்ஸைத் தூக்கிவந்து மகனுக்கு முன்னால் வைத்தார். எப்1.4, 1/50, ஐஎஸ்ஓ 2500, 10 பிட். இருபத்தைந்து நிமிடம் ஒரே ஷொட். போன வாரம் அதை அவர் வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அரிதாரத்துக்கு அடியில் மகனின் நாடி நடுங்குவது வரைக்கும் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார்.