பைடிபி-11க்கு ஒரு நிஜ டெர்மினல்: எந்த யூஎஸ்பி சீரியல் கேபிள் தேறியது?

பைடிபி-11 கிட்டை சால்டர் பண்ணி, முன்பலகையில் விளக்குகள் ஓடுவதைப் பார்த்து முடித்ததும் அடுத்து வரும் ஆசை, இதில் ஒரு நிஜ டெர்மினலை மாட்ட வேண்டும் என்பதுதான். லேப்டாப் விண்டோவில் யூனிக்ஸ் ஓடினால் அது இன்னொரு விண்டோ, அவ்வளவுதான். எனக்கு விடி220 என்ற பழைய டெர்மினல் (திரையும் விசைப்பலகையும் மட்டும்) ஒன்று கிடைத்தது. நடுவில் போட வேண்டிய யூஎஸ்பி சீரியல் கேபிளில் இரண்டு வகையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்று எஃப்டிடிஐ-யின் எஃப்டி232ஆர் சிப் உள்ளது. இன்னொன்று சிஎச்340 சிப் உள்ள சல்லிசான கேபிள். இந்த விமர்சனம் அவற்றைப் பற்றியது.

கிட்டைப் பற்றி அறியாதவர்களுக்கு: டெக் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த பிடிபி-11/70 என்ற கணினியின் முன்பலகையை, அசலில் பத்தில் ஆறு பங்கு அளவில், அதே ரோஸ், மெஜந்தா நிற சுவிட்சுகளோடு ஆஸ்கர் வெர்மூலன் திரும்பச் செய்திருக்கிறார். பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. அதில் அந்தப் பழைய கணினி மாதிரியே நடந்துகொள்ளும் சிம்எச் என்ற எமுலேட்டர். வெளியோடு பேசும் பையின் ஜிபிஐஓ பின்களில் பெரும்பாலானவற்றை விளக்குகளும் சுவிட்சுகளுமே எடுத்துக்கொள்வதால், வெளிச் சாதனங்களுக்கு யூஎஸ்பி வழியே சௌகரியம்.

இன்னொரு காரணம் வோல்ட்டேஜ். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பழைய டெர்மினல் பேசுவது ஆர்எஸ்-232. அதில் ஒன்று என்பது மைனஸ் பக்கம், பூஜ்ஜியம் என்பது பிளஸ் பக்கம். 3 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரை போகலாம். நேரடியாகச் சேர்த்தால் பை போய்விடும். ஆகவே கேபிள் வாங்கும்போது அது ஆர்எஸ்-232 வகையா, டிடிஎல் (சிப்புகள் பேசும் குறைந்த வோல்ட்டேஜ்) வகையா என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் இரண்டையும் 'யூஎஸ்பி டு சீரியல்' என்றே விற்கிறார்கள். 9 பின் உலோக கனெக்டர் இருந்தால் பெரும்பாலும் ஆர்எஸ்-232, நான்கைந்து வண்ண ஒயர்கள் தொங்கினால் டிடிஎல். சந்தேகம் இருந்தால் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் மூன்றாவது பின்னையும் ஐந்தாவது பின்னையும் தொட்டுப் பாருங்கள். மைனஸ் ஐந்தோ ஆறோ காட்டினால் நிம்மதி.

அப்புறம் கனெக்டர். விடி220-இன் பின்னால் 25 பின் ஆண் கனெக்டர். யூஎஸ்பி கேபிளின் முனையில் 9 பின் ஆண். இரண்டும் தங்களைக் கணினி பக்கம் என்று நினைத்துக்கொள்பவை. அனுப்பும் கம்பி எதிர்ப்பக்கத்தின் வாங்கும் கம்பிக்குப் போக வேண்டும். இதில் ஒரு சுவாரசியம்: 25 பின்னில் இரண்டு அனுப்புவது, மூன்று வாங்குவது, 9 பின்னில் அது தலைகீழ். ஆகவே குறுக்காகப் போட வேண்டிய நல் மோடம் கேபிள், இங்கே பார்வைக்கு நேராகவே வரும். இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, கிரவுண்டுக்கு ஏழிலிருந்து ஐந்து. மூன்றே ஒயர். ரெடிமேட் கேபிள் தேடி அலைவதைவிட இரண்டு பெண் கனெக்டர் வாங்கி நீங்களே சால்டர் பண்ணிக்கொள்வது மேல்.

டெர்மினலில் எஃப்3 அழுத்தினால் செட்-அப் மெனு வரும். வேகம் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்), எட்டு பிட், பேரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை, எக்ஸ்ஆஃப் ('கொஞ்சம் நிறுத்து' என்ற சிக்னல்) 64-இல். மோடம் கன்ட்ரோல் என்று இருந்தால் 'டேட்டா லீட்ஸ் ஒன்லி' என மாற்றிவிடுங்கள். மூன்று ஒயருக்கு அதுதான் சரி.

இதுவரை இரண்டு கேபிளும் சமம். எழுத்து வருகிறது, போகிறது. 9600 பாடில் நொடிக்கு 960 எழுத்து (தொடக்க, முடிவு பிட் சேர்த்து எழுத்துக்குப் பத்து பிட்). 24 வரி, 80 பத்தி நிறைய 1920 எழுத்து, அதாவது திரை முழுதும் நிரம்ப இரண்டு நொடி. விஐ எடிட்டரில் பக்கம் திருப்பினால் வரிகள் மேலிருந்து கீழாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். 200 ரூபாய்க்குள் வாங்கிய கேபிளும் அதைப்போல் பத்து மடங்கு விலையுள்ள கேபிளும் இதில் துளியும் வேறுபடவில்லை. வேகத்துக்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வித்தியாசம் தெரிவது இரண்டாவது சாதனத்தை மாட்டும்போது. லினக்ஸ், வரும் கேபிள்களுக்குக் கண்ட வரிசையில் டிடிஒய்-யூஎஸ்பி பூஜ்ஜியம், ஒன்று என்று பெயர் வைக்கும். ரீபூட் பண்ணினால் வரிசை மாறலாம். நேற்று டெர்மினலுக்குப் போன லாகின் இன்று பிரிண்டரில் அச்சாகும். இதற்குத்தான் 'பை-ஐடி' (by-id) என்ற ஃபோல்டரில் நிலையான பெயர்கள் இருக்கின்றன. எஃப்டிடிஐ சிப்புக்குள் ஒவ்வொன்றுக்கும் தனி சீரியல் எண் பதிந்திருப்பதால் அந்தப் பெயர் அசையாது. சாதாரண சிஎச்340-இல் அந்த எண் கிடையாது. இரண்டு கேபிளை மாட்டினால் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே ஜாடையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அப்போது எந்த யூஎஸ்பி சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் காட்டும் 'பை-பாத்' பெயரைப் பயன்படுத்தலாம். வேலை செய்யும். ஆனால் பெட்டியைத் துடைக்க எடுத்துவிட்டு சாக்கெட் மாற்றிச் செருகினால் தொலைந்தது. என்னைக் கேட்டால், எஃப்டிடிஐ கேபிளுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு முழுக்க அந்த ஒரு எண்ணுக்குத்தான். அது நியாயமான விலை.

போலிகள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் எஃப்டிடிஐ-யின் விண்டோஸ் டிரைவர் ஒன்று, போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி முடக்கிப்போட்டு பெரிய ரகளை ஆனது. மிகக் குறைந்த விலைக்கு எஃப்டி232 என்று போட்டிருந்தால் அதற்குப் பதில் நேர்மையாக சிஎச்340 என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

எமுலேட்டர் பக்கம் இரண்டு வழி. டெர்மினலை லினக்ஸ் லாகினுக்கு விட்டு, அங்கிருந்து பிடிபி-11 கன்சோலுக்குள் நுழைவது ஒன்று. சுலபம், ஆனால் நடுவில் லினக்ஸ் நிற்கிறது. எனக்குப் பிடித்தது இரண்டாவது: சிம்எச்-இல் டிஇசட்11 என்ற எட்டு சீரியல் லைன் கார்டை இயக்கி, அதன் ஒரு லைனை நேராகக் கேபிளோடு அட்டாச் பண்ணுவது. பூட் ஃபைலில் ஒரு வரி. அப்புறம் 2.11பிஎஸ்டி என்ற யூனிக்ஸுக்குள் ஈடிசி-யில் உள்ள டிடிஒய்எஸ் கோப்பில் அந்த லைனை 'ஆன்' என்று மாற்றி, இனிட் என்ற முதல் புரோகிராமுக்கு ஒரு ஹேங்-அப் சிக்னல் அனுப்பினால் பச்சைத் திரையில் லாகின் வந்து நிற்கும். அதை அனுப்புவது பிஎஸ்டி; லினக்ஸ் வாயே திறப்பதில்லை. எஸ்கேப் சாவியைத் தேடாதீர்கள், விடி220-இல் கிடையாது. விடி100 மோடில் வைத்தால் எஃப்11 அந்த வேலையைச் செய்யும்.

ஒரு குறை இரண்டு கேபிளுக்கும் பொது. ஓடிக்கொண்டிருக்கும்போது யூஎஸ்பியைப் பிடுங்கிச் செருகினால் எமுலேட்டர் செத்துப்போன பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். சிம்எச்-இல் டிடாச் பண்ணி மறுபடி அட்டாச் பண்ண வேண்டும். ஆகவே 25 பின் பக்கம் மட்டுமல்ல, 9 பின் பக்கமும் ஸ்க்ரூவை முறுக்கிவிடுங்கள். ஸ்க்ரூ இல்லாத யூஎஸ்பி முனைக்கு கேபிளைப் பெட்டியோடு ஒரு டேக் போட்டுக் கட்டுவதுதான் வழி.

இனி, மல்லுக்கட்டி ஒரு டெலிடைப் 33 (காகிதத்தில் அச்சிடும் பழைய டெர்மினல்) சம்பாதித்து வைத்திருப்பவர்களுக்கு. உங்களுக்கு என் சிபாரிசு அப்படியே தலைகீழ். டெலிடைப் ஓடுவது 110 பாடில்: நொடிக்கு 10 எழுத்து, எழுத்துக்கு 11 பிட். எஃப்டி232ஆர் தன் 3 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை அதிகபட்சம் 16384-ஆல் வகுக்கும். அதாவது 183 பாடுக்குக் கீழே இறங்கவே முடியாது. சிஎச்340-இன் டேட்டாஷீட்டோ 50 பாடிலிருந்தே தொடங்குகிறது. டெலிடைப்புக்கு 20 மில்லிஆம்ப் கரண்ட் லூப் (வோல்ட்டேஜுக்குப் பதில் கரண்டால் பேசும் முறை) மாற்றி தனியாக வேண்டும் என்பதால், கேபிளுக்கு அந்த 200 ரூபாயோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை அந்த மாற்றிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.