கிரேட் ஓர்ம் vs பாரிஸ் மவுண்டன்: வேல்ஸ்ல எந்த பழைய செம்புச் சுரங்கத்தைப் போய்ப் பாக்கலாம்?

பழமைன்னா கிரேட் ஓர்ம்தான், கிட்டத்தட்ட 4000 வருஷம் முன்னாடி வெண்கலக் காலத்து ஆளுங்க எலும்பையும் கல் சுத்தியலையும் வச்சே சுண்ணாம்புப் பாறைக்குள்ள மாலகைட்ங்கற பச்சை செம்புத் தாதுவைத் தேடிக் குடைஞ்சிருக்காங்க. சில பொந்து சின்னப் பசங்க மட்டும்தான் நுழையற அளவு, நினைச்சாலே மூச்சு முட்டுது.

ஆங்கிள்சி தீவுல இருக்கற பாரிஸ் மவுண்டன்லயும் வெண்கலக் கால வேலை உண்டு, ஆனா அது பேர் வாங்கினது 1768க்கு அப்புறம், போர்க்கப்பல் அடியில அடிக்கற செம்புத் தகடுக்கு இங்கருந்துதான் நிறைய செம்பு போச்சு. இங்க செம்புத் தாது சால்கோபைரைட், கூடவே பைரைட் (இரும்பு சல்பைடு), கலீனா (ஈயத் தாது), ஸ்பேலரைட் (துத்தநாகத் தாது). ஆங்கிளசைட்ங்கற ஈயக் கனிமத்துக்குப் பேர் வந்ததே இந்தத் தீவாலதான். செம்பு கரைஞ்ச சுரங்கத் தண்ணியில பழைய இரும்பைப் போட்டு செம்பைப் பிரிச்சதுதான் செம ஐடியா!

கனிமப் பைத்தியம்னா பாரிஸ், குகை மாதிரி உள்ள போய்ப் பாக்கணும்னா ஓர்ம்.