வைரஸும் சாகும் என்று சொல்லி விற்ற பாட்டில்

போன கார்த்திகையில் வத்தலகுண்டில் ஒரு உரக்கடையில் இந்தப் பயிர் மருந்தை வாங்கினேன். அரை லிட்டர் 480 ரூபாய். பூண்டு, வேம்பு, நொச்சி, காகிதப்பூ இலைச்சாறு கலந்தது. 'பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் அழிக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கம்பெனி பெயர் வேண்டாம். அதே அலமாரியில் இதே வாசகத்தோடு இன்னும் நாலு பாட்டில் நின்றது.

மூடி சரியில்லை. தாண்டிக்குடி பஸ் வளைவெல்லாம் ஏறி முடிப்பதற்குள் பாதிப் பை நனைந்துவிட்டது. "யாருங்க ஊறுகா கொண்டு வர்றது?" என்று கண்டக்டர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலில் பீன்ஸுக்கு அடித்தேன். இலையில் பழுப்புப் புள்ளி, சுற்றி எலுமிச்சை மஞ்சளில் ஒரு விளிம்பு, பாக்டீரியாக் கருகல். 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். நாலு சாலுக்கு அடித்து, இரண்டு சாலைச் சும்மா விட்டேன். பத்து நாளில் அடித்த சாலில் புதுத்தளிர் சுத்தமாக வந்தது. அடிக்காத சாலும் ஓரளவு தேறியதை மறைக்கக் கூடாது. அந்த வாரம்தான் மழை விட்டிருந்தது. இந்த நோய் மழைத்துளி தெறித்துப் பரவுவது. பாதிப் பெயர் மருந்துக்கு, மீதி வானத்துக்கு.

பூண்டு பாக்டீரியாவை அடக்கும் என்பது பொய்யில்லை. பல்லை நசுக்கும்போது உள்ளிருக்கும் நொதி ஒன்று அல்லின் என்ற பொருளை அல்லிசினாக மாற்றுகிறது. வேலை செய்வது அந்த அல்லிசின்தான். 1944இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அது நிலைத்து நிற்காது. கடை வெயிலில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் வாடை மிஞ்சும், வீரியம் மிஞ்சுமா? பூம்பாறைப் பூண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அன்றன்றைக்கு இடித்து வடிகட்டி அடிப்பது மேல்.

என் வயிற்றெரிச்சல் வாழையில். காப்பிக்கு நடுவே விருப்பாட்சி வைத்திருக்கிறேன். ஏழு மரத்தில் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய். இலைக்காம்பில் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடுமாக ஓடும், குருத்திலை குட்டையாகி விறைத்துக் கொத்தாக நிற்கும். இந்த மலையில் விருப்பாட்சியைக் கவிழ்த்த நோய் அது. லேபிளை நம்பி மூன்று தடவை அடித்தேன். ஒரு மரமும் மீளவில்லை, எட்டாவதிலும் கோடு விழுந்தது.

மைக்ரோபயாலஜி படிக்கும் அக்கா மகளுக்குப் பாட்டிலோடு வந்த நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்பினேன். அதில் ஒரு கண்ணாடித் தட்டு, மருந்து நனைத்த வட்டக் காகிதம், அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம். போன் போட்டாள்: "மாமா, அது தட்டுல வளர்ற பாக்டீரியா. வாழை வைரஸ் தட்டுல வளராது, உயிருள்ள செல்லுக்குள்ளதான் பெருகும். இந்தப் படம் வைரஸுக்கு எப்படி சாட்சியாகும்?"

காகிதப்பூ, அந்திமந்தாரை இலைகளில் வைரஸ் தொற்றைத் தடுக்கும் புரதம் உண்டாம். புகையிலைத் தேமல் வைரஸை இலையில் தேய்ப்பதற்கு முன் அந்தச் சாற்றைத் தடவினால், விழும் புள்ளி குறைகிறது. முன்னால் தடவினால்தான், உள்ளே புகுந்து பெருகியதை அது வெளியேற்றாது. நிலக்கடலை மொட்டுக் கருகலுக்குச் சோள இலை, தென்னை ஓலைச் சாற்றை விதைத்த 10, 20ஆம் நாளில் அடிக்கச் சொல்வதும் அதனால்தான். முடிக்கொத்து இன்னும் மோசம். தேய்த்தால் ஒட்டாது, கத்தியில் பரவாது. அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி ஊசி வாயை இறக்கி, வைரஸை நேரே சாறு ஓடும் குழாயில் விட்டுவிடும். இலை மேல் பூசி என்ன செய்ய?

முதலில் அசுவினியைக் கொன்று, பிறகு எட்டையும் கிழங்கோடு தோண்டி எடுத்தேன். வெட்டுவதற்கு முன் கொல்லாவிட்டால் அது அடுத்த மரத்துக்குக் குடிபோய்விடும். இலையடி மட்டை இடுக்கில் கூட்டமாக, எறும்பு காவலோடு உட்கார்ந்திருந்தது.

5க்கு 2 கொடுக்கிறேன், இரண்டும் பீன்ஸுக்கு. மீதிப் பாட்டிலோடு கடைக்குப் போனேன். "நோய் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிருக்கணும்ணே" என்றார். அதை லேபிளில் போடக் கூடாதா என்றேன். அலமாரியைத் துழாவி, ஒழுகாத மூடி ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.