ஸ்லாட்டைப் பார்த்துவிட்டு கார்டை வாங்குங்கள்: கையடக்க கேம் கன்சோலுக்கு எந்த மெமரி கார்டு?

கருங்கலில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தான். "மாமா, கார்ட போட்டா எடுக்க மாட்டேங்கு" என்றான். துபாயில் இருந்து லீவுக்கு வந்த அத்தான் அவனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கி வந்திருந்தார். பழைய ஸ்விட்சில் இரண்டு வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த 256 ஜிபி கார்டைக் கழற்றிப் புதியதில் போட்டிருக்கிறான். கார்டிலும் கோளாறு இல்லை, கன்சோலிலும் கோளாறு இல்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, கேம்களை வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகை கார்டை மட்டும்தான் ஏற்கும். சாதாரண மைக்ரோ எஸ்டியைப் போட்டால், பழைய ஸ்விட்சில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நம் குமரி மாவட்டத்தில் இந்தக் கருவிகள் பெரும்பாலும் வளைகுடாவில் இருந்தோ கப்பலில் இருந்தோ வருகிறவர்களின் பெட்டியில்தான் வந்து சேர்கின்றன. கருவியை வாங்கும்போது கூடவே கார்டும் வாங்கினால் பிரச்சினை இல்லை. ஆனால் இடம் தீர்ந்த பிறகுதான் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடை ஏறி "நல்ல ஸ்பீடு கார்டு ஒன்று" என்று கேட்கிறோம். கடைக்காரர் எடுத்துத் தருவது போனுக்கும் கேமராவுக்கும் போடும் கார்டு. மேலே 190 என்று பெரிதாக எழுதியிருக்கும், நாமும் நம்பி வாங்குவோம். நான் சொல்ல வருவது இதுதான்: வேகத்தை முடிவு செய்வது கார்டு அல்ல, உங்கள் கருவியில் இருக்கும் ஸ்லாட். அதைத் தெரிந்துகொள்ளாமல் வேகத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்.

இப்போதைக்கு நம் முன்னால் இருக்கும் வகைகள் மூன்று. யூஎச்எஸ்-1 கார்டின் பின்பக்கம் தங்க நிறக் காலடிகள், அதாவது கருவியைத் தொடும் உலோகப் பட்டைகள், ஒரே வரிசையாக இருக்கும். அந்த வழியில் நொடிக்கு அதிகபட்சம் 104 எம்பி போகலாம். யூஎச்எஸ்-2 கார்டில் இரண்டாவது வரிசை ஒன்று கூடுதலாக இருக்கும், உச்சம் 312 எம்பி. மூன்றாவது எக்ஸ்பிரஸ். 2019-இல் அறிவிக்கப்பட்ட இது, கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் பேசும் பிசிஐஇ மொழியிலேயே பேசுகிறது. உச்சம் 985 எம்பி. இதற்கும் பின்னால் இரண்டு வரிசைதான், அதனால் கார்டின் முகத்தில் எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி கருவிகள். 2017-இல் வந்த ஸ்விட்ச், அதன் லைட், ஓஎல்இடி தம்பிகள், வால்வ் கம்பெனியின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கின் இரண்டு தலைமுறைகள் எல்லாமே யூஎச்எஸ்-1. ஆசூஸ் கம்பெனியின் ஆர்ஓஜி ஆலை (Ally) என்ற கருவியில் யூஎச்எஸ்-2 ஸ்லாட். ஸ்விட்ச் 2-இல் எக்ஸ்பிரஸ். பழைய கேம்களுக்கென்று வரும் சின்னக் கருவிகளுக்கு வேகமே ஒரு பொருட்டல்ல. அவற்றோடு வரும் பெயர் தெரியாத கார்டை முதல் நாளே நகல் எடுத்துவிட்டு, நல்ல கம்பெனியின் 64 ஜிபி ஒன்று போட்டால் போதும்.

யூஎச்எஸ்-1 கருவி வைத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம், குழப்பமும் அவர்களுக்குத்தான். ஒரு பக்கம் சாம்சங் ஈவோ பிளஸ், கிங்ஸ்டன் கேன்வாஸ் செலக்ட் பிளஸ் போன்ற சாதாரண விலை கார்டுகள். இன்னொரு பக்கம் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம், சாம்சங் ப்ரோ பிளஸ் மாதிரியான விலை கூடியவை. எக்ஸ்ட்ரீமின் அட்டையில் 190 எம்பி என்று இருக்கும். பொய் இல்லை, ஆனால் அந்த வேகம் அவர்களுடைய தனி கார்டு ரீடரில், அவர்களுடைய தனி வித்தையில் கிடைப்பது. ஸ்விட்சிலோ டெக்கிலோ போட்டால் அதே கார்டு 104-க்குள் அடங்கிவிடும். பழைய ஸ்விட்சுக்கு நின்டெண்டோவே சொல்லும் அளவு 60 முதல் 95 எம்பி வரைதான். 100 எம்பி என்று போட்டிருக்கும் சாதாரண கார்டே அந்த வாசலை நிரப்பிவிடுகிறது.

எழுதும் வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. யூ3, வி30 என்ற முத்திரை இருந்தால் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் என்று வையுங்கள். அது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் நொடிக்கு வருவது 6.25 எம்பி. 70 ஜிபி கேட்கும் சைபர்பங்க் 2077-ஐ ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இருந்து இறக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார்டு முப்பதாக இருந்தாலும் தொண்ணூறாக இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் பெரிதாக எதுவும் குறையாது. கம்ப்யூட்டரில் இருந்து மொத்தமாகக் காப்பி செய்கிறவருக்கு எழுதும் வேகம் உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு நம் ஊர் லைன்தான் இடைஞ்சல்.

ஏ1, ஏ2 என்ற எழுத்துகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கேம் என்பது ஒரே நீளமான கோப்பு அல்ல. இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று துண்டு துண்டாகப் படிக்க வேண்டியது. அந்தத் துண்டுப் படிப்பில் ஏ1 கார்டு நொடிக்கு 1500 முறையாவது படித்துத் தர வேண்டும், ஏ2 என்றால் 4000. கேட்க ஏ2 தான் சரி என்று படும். ஆனால் ஏ2 முழுத் திறனைக் காட்ட, கேட்கிற கேள்விகளை வரிசை கட்டி அனுப்பும் முறை கருவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத கருவியில் ஏ2-வும் ஏ1 மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆகவே விலை ஒன்றாக இருந்தால் ஏ2 எடுங்கள். இரண்டுக்கும் விலையில் நல்ல இடைவெளி இருந்தால், அந்தக் காசில் ஏ1-லேயே அடுத்த அளவுக்கு ஏறுவதுதான் என் கட்சி. 256-க்குப் பதில் 512 என்பது தினமும் உணரக்கூடிய வித்தியாசம்.

யூஎச்எஸ்-2 பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. மைக்ரோ அளவில் கடைகளில் கிடைப்பதே அரிது, விலையும் அதிகம். ஆர்ஓஜி ஆலை வைத்திருப்பவர்கூட நல்ல யூஎச்எஸ்-1 கார்டோடு நிம்மதியாக இருக்கலாம். பெரிய கேம்களை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டால் போதும்.

எக்ஸ்பிரஸ் வேறு உலகம். சான்டிஸ்கின் எக்ஸ்பிரஸ் கார்டு படிப்பதற்கு 880 எம்பி, சாம்சங்கின் பி9 800 எம்பி, லெக்ஸார் ப்ளே ப்ரோ 900 எம்பி என்று சொல்கின்றன. ஒரு கேம் துவங்கும்போது 3 ஜிபி படிக்க வேண்டும் என்று வைத்தால், 100 எம்பி கார்டுக்கு அரை நிமிடம், 800 எம்பி கார்டுக்கு நான்கு நொடி. சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் வேலை பிராசஸருக்கும் இருப்பதால் நடைமுறையில் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. ஆனாலும் ஸ்விட்ச் 2 கேம்கள் உள் நினைவகத்தின் வேகத்தை நம்பிச் செய்யப்படுகின்றன, அதனால்தான் கார்டும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. நின்டெண்டோ பிடிவாதமாக நின்றது சரியென்றே நினைக்கிறேன். விலைதான் வலிக்கிறது. அதே அளவு சாதாரண கார்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த மூன்று கம்பெனிகளுக்குள் 800-க்கும் 900-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பில்லோடு, நம்பிக்கையான இடத்தில், குறைந்த விலைக்கு எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். இன்னொன்று: வருங்காலத்துக்கு ஆகும் என்று ஸ்டீம் டெக்குக்கு எக்ஸ்பிரஸ் வாங்காதீர்கள். வேலை செய்யும், ஆனால் யூஎச்எஸ்-1 வேகத்தில்தான். ஆர்ஓஜி ஆலையின் யூஎச்எஸ்-2 ஸ்லாட்டில் போட்டாலும் கதை அதேதான். இரண்டாவது வரிசையில் இரண்டு வகையும் பேசுவது வேறு வேறு மொழி.

தூத்தூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், ஆழ்கடல் படகில் போகிறவர். ஒருமுறை போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும், நெட்வொர்க் கிடையாது. அவருக்கு வேகமான கார்டு எதற்கும் ஆகாது, இடம்தான் வேண்டும். ஒரு 1 டிபி கார்டா, இரண்டு 512 ஜிபியா என்று கேட்டார். அவரிடம் இருப்பது ஸ்டீம் டெக். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டை மாற்றினால் அந்தக் கார்டில் உள்ள கேம்களைத் தானாகக் காட்டும். அதனால் இரண்டு 512 சொன்னேன். ஒன்று கெட்டாலும் நடுக்கடலில் இன்னொன்று இருக்கும். கிளம்பும் முன் ஒவ்வொரு கேமையும் கரையிலேயே, நெட் இருக்கும்போது ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன். முதல் ஓட்டத்துக்கு நெட் கேட்கும் கேம்கள் உண்டு. உப்பு ஈரக் கையோடு கார்டின் காலடிகளைத் தொடக்கூடாது என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்விட்ச் என்றால் இதே கேள்விக்கு என் பதில் மாறும். கார்டை எடுக்க ஒவ்வொரு முறையும் கன்சோலை முழுதாக அணைக்க வேண்டும். அதனால் அதற்குப் பெரியதாக ஒன்றே நல்லது. ஸ்விட்சில் இன்னொரு நிம்மதி, ஆடிய சேவ் எல்லாம் கன்சோலுக்குள்ளேயே இருக்கும், கார்டில் இருக்காது. கார்டு செத்தாலும் கேமைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், விட்ட இடத்தில் இருந்து ஆடலாம்.

ஸ்டீம் டெக்கின் பழைய 64 ஜிபி மாடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கார்டை விட நல்ல வழி ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பகத்தை எடுத்துவிட்டு, 2230 அளவு எம்.2 எஸ்எஸ்டி போடுவது. லேப்டாப் ரிப்பேர் பழகிய கைக்கு இது பெரிய வேலை அல்ல, ஆனால் ஸ்டீம் ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்ற வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 போல 150 ஜிபி கேட்கும் கேம்களுக்கு எந்த யூஎச்எஸ்-1 கார்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றாகாது. முக்கியமான ஒரு எச்சரிக்கை: பின்மூடியைத் திறக்கும் முன் மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். மறந்தால் மூடி கழலும்போது கார்டு இரண்டாக உடையும்.

இத்தனை அலசலையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடக்கூடியது போலி கார்டு. சில வருடங்களுக்கு முன் 128 ஜிபி விலைக்கு 1 டிபி என்று பார்த்து ஒன்று வாங்கினேன். அட்டை, முத்திரை எல்லாம் அச்சு அசல். முதல் இரண்டு கேம் நன்றாக ஓடின. மூன்றாவதை ஏற்றியதும் முதலாவது திறக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சோதித்தபோது உள்ளே இருந்தது 32 ஜிபி. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் 1 டிபி என்று பொய் சொல்லிக்கொண்டு, இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பணம் போனதை விட, இரண்டு ராத்திரி காத்திருந்து இறக்கிய கேம்கள் போனதுதான் எனக்குப் பெரிதாக வலித்தது.

அதன் பிறகு எந்தக் கடையில், எந்த விலைக்கு வாங்கினாலும் முதல் வேலை சோதனைதான். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 512 ஜிபி கார்டுக்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள். நம் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பை விட சார்ஜ் உள்ள லேப்டாப்பில் ஓட்டுவது உத்தமம். அப்புறம், 512 ஜிபி கார்டு விண்டோஸில் 476 என்று காட்டினால் பதற வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. அது மோசடி இல்லை.

சரி, அக்கா மகன் கதைக்கு வருகிறேன். எக்ஸ்பிரஸ் கார்டு உடனே வேண்டும் என்று நின்றான். "எத்தனை கேம் வச்சிருக்க மக்களே?" என்று கேட்டேன். இரண்டு என்றான். ஸ்விட்ச் 2-க்குள்ளேயே 256 ஜிபி இருக்கிறது. பெட்டியில் வாங்கும் கேம்களிலும் சில வெறும் சாவி மட்டும் உள்ள கார்ட்ரிட்ஜ்கள், முழு கேமையும் இறக்கித்தான் ஆட வேண்டும், அதனால் ஒருநாள் இடம் தீரும்தான். ஆனால் அவனுக்கு இப்போது பாதிக்கு மேல் காலி. அத்தான் அடுத்த லீவுக்கு வரும்போது 512 எக்ஸ்பிரஸ் ஒன்று பில்லோடு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பழைய 256 ஜிபி கார்டு திரும்பப் பழைய ஸ்விட்சுக்கே போய்விட்டது. அதில் இறக்கிய கேம்கள் அந்தக் கன்சோலில்தான் திறக்கும். இப்போது அதை வைத்து ஆடிக்கொண்டிருப்பது அவன் தங்கச்சி.